ஒரு வரி வேண்டாம், ஒரு பக்கம் எழுதுங்கள்: நாவல் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாவல் போட்டிகளுக்கு நடுவர்களாக அமர்ந்து எங்கள் கையெழுத்துப் படிகளைப் பொறுமையாகப் படிக்கிற ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பாலர் பள்ளி ஆசிரியை. பதினான்கு வருஷமாகக் காதல் நாவல் எழுதுகிறேன். ஒன்பது நாவல்கள் புத்தகமாக வந்துவிட்டன. பத்தாவதை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். முடிவு வந்து இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாவலைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "காதல் கதை, சமூகப் பார்வை போதவில்லை."

பரிசு கிடைக்காத வருத்தத்தில் இதை எழுதவில்லை. அந்த நாவலுக்குப் பரிசு கொடுக்காதது சரிதான். அதை இப்போது நானே சொல்வேன். ஆனால் அது காதல் கதையாக இருந்ததால் தோற்கவில்லை. ஏன் தோற்றது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டரை வருஷம் ஆனது. நீங்கள் ஒரு வரிக்குப் பதிலாக ஒரு பக்கம் எழுதியிருந்தால் ஆறு மாதத்தில் கண்டுபிடித்திருப்பேன் என்று நம்புகிறேன். அந்த ஒரு பக்கத்தைக் கேட்கத்தான் இந்த மடல்.

கடிதம் வந்த பிறகு ஐந்து மாதம் படியைத் தொடவில்லை. கோபம்தான். பிறகு ஒரு பள்ளி விடுமுறையில் 312 பக்கத்தையும் அச்செடுத்து ஒரே மூச்சில் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. எழுதியவளுக்குத் தாளில் இல்லாததும் தெரியும். என் நாயகி அஞ்சலை அடுப்படியில் நின்றாள் என்று ஒரு வரி வந்தால், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான அந்த லயத்து வீட்டின் புகை, மண்ணெண்ணெய் வாடை, பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் எனக்குத் தானாக வந்து சேர்ந்துவிடும். தாளில் இருப்பது அந்த ஒரு வரி மட்டும். அதைத் தனியாகப் படிக்கிற ஆள் நானாக இருக்க முடியாது.

அதனால் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பதினேழு வயதில் உளி பிடித்தவர். லிந்தாங் பக்கம் உள்ள ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தே, எங்களை ஆளாக்கினார். அந்தக் காடு இப்போது முழுக்கச் செம்பனை. கண்ணில் புரை விழுந்ததால் அவரால் படிக்க முடியாது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் சத்தமாகப் படிப்பேன். அவர் மறுநாளைக்குக் கீரை ஆய்ந்தபடியே கேட்பார். கதை பிடித்தால் "அப்புறம்?" என்பார். பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கீரையிலேயே கண்ணாக இருப்பார். 'அப்புறம்' வந்த இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். முதல் எழுபது பக்கத்தில் மூன்றே கோடு.

நாவலின் உயிர் என்று நான் நினைத்திருந்த இடம் 41ஆம் பக்கம். விடியற்காலை, பால்மரக் காடு, மழை கொட்டுகிறது. வெட்டிக்கொண்டிருக்கும் அஞ்சலை நனைகிறாள். பக்கத்து மர நிரையிலிருந்து முருகையா ஓடிவந்து தன் சட்டையை அவள் தலைக்கு மேல் பிடிக்கிறான். மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எழுதிய அன்று நான் தூங்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அம்மா கையை நிறுத்தினார். "ஏண்டி, மழையில எவ வெட்டுக்குப் போவா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

"பட்டை நனைஞ்சா பாலு கோட்டுல ஓடாது. மரத்தச் சுத்தி வழிஞ்சிரும். பால் மங்குல மழத்தண்ணிதான் நிக்கும். விடியக்காலையில மழைச் சத்தம் கேட்டாலே எங்கம்மா எழுந்திரிச்சுப் போயி அரிசி டின்னத் தொறந்து பாக்கும்."

நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் எழுதும்போது மறந்தேன். பள்ளியில் ஐந்திணை படித்தேன். முல்லைக்குக் கார்காலம், மாலைப்பொழுது, காத்திருக்கும் தலைவி. படங்களிலும் மாத நாவல்களிலும் மழை வந்தால் காதல் வந்தது. அந்த மழையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் காட்டில் பெய்ய விட்டேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வானத்தைப் பார்த்தபடி நின்று, வேலை இல்லை என்று சொன்னதும் வெறும் வாளியோடு திரும்பிய பெண்களின் மழை என் கதைக்குள் வரவே இல்லை.

"அப்படின்னா அவன் அவளுக்கு என்னதான் செய்வான், சொல்லும்மா" என்று கேட்டேன். கேட்டபோது எரிச்சல்தான். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு காயத்தைப் பற்றிச் சொன்னார்.

பட்டையில் உளி ஒரு நூல் அளவு கூடுதலாக இறங்கினால் உள்ளே இருக்கும் மரம் வெட்டுப்பட்டுவிடும். அதைத்தான் காயம் என்பார்கள். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னால் அந்தப் பக்கம் திரும்ப வெட்டுக்கு வரும்போது உளி ஒழுங்காக ஓடாது. பயந்து மேலோடு வெட்டினால் பால் குறையும். இரண்டுக்கும் நடுவில் உளியை நிறுத்தக் கை பழகவேண்டும். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்தால் முதலில் காயத்தைத்தான் தேடுவாராம்.

"புதுசுல எனக்கு நெறைய காயம் விழும். உங்கப்பா பக்கத்து நிரை. தண்டல் வர்றதுக்கு முன்னாடி மண்ணக் கொழச்சு காயத்து மேல பூசிட்டுப் போயிருவாரு. ஒரு வார்த்த பேசினதில்ல. ரெண்டு மாசம் பூசினாரு. அதுக்கப்புறந்தான் வீட்டுல வந்து பொண்ணு கேட்டாங்க."

அப்பா இறந்து பதினோரு வருஷம். அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. ஒன்பது காதல் நாவல் எழுதியவள், சொந்த அம்மாவிடம் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அன்று ராத்திரி மேற்கொண்டு படிக்காமல் படியை மூடி வைத்தேன்.

மழைக் காட்சியின் மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டேன். இப்போது அங்கே அரைப் பக்கம் இருக்கிறது. முருகையா மண் குழைக்கிறான். அஞ்சலை பார்க்காதவள் போல அடுத்த மரத்துக்குப் போகிறாள். அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதினேன். படித்துக் காட்டியபோது அவர் "அப்புறம்?" என்று கேட்கவில்லை, கீரையையும் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் சமூகப் பார்வைக்கு வருகிறேன். முதல் வடிவத்தில் அவர்கள் இருவரும் பிரிந்தது ஒரு கடிதத்தால். அவன் எழுதிய கடிதம் அவள் அண்ணன் கைக்குப் போய்விடும், அவள் அவனைத் தவறாக நினைப்பாள். இந்த ஏற்பாட்டை நான் ஏற்கெனவே நான்கு நாவல்களில் செய்திருக்கிறேன். அம்மா கேட்ட கேள்வி சின்னதுதான்: "பக்கத்து லயத்துல இருக்கிறவனுக்கு எதுக்குடி கடுதாசி? நேர்ல போயி கேக்கவேண்டியதுதானே?"

கதை நடப்பது 1969, 1970. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்கவேண்டும் என்று வந்த காலம் அது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத்து ஜனங்கள் எத்தனையோ பேர் வேலை போய், சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பினாங்கில் இந்தியாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் ஏறினார்கள். பல வருஷம் இங்கேயே உழைத்தவர்கள் அவர்கள். நான் சின்ன வயதில் கேட்ட கதைகளில் பாதி, கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வராத யாரோ ஒருவரைப் பற்றியதாகத்தான் இருக்கும். அது கண்முன்னே இருக்கும்போது நான் தொலைந்துபோன கடிதத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை எடுத்தேன். முருகையாவின் கையில் சிவப்பு அட்டையைக் கொடுத்தேன், அஞ்சலைக்குக் குடியுரிமை உள்ளவர்களின் நீல அட்டை. காதலைக் குறைத்துச் சமூகத்தைக் கூட்டவேண்டும் என்று இதைச் செய்யவில்லை. இவர்கள் பிரிய உண்மையான காரணம் வேண்டும் என்று தேடினேன், அது அந்த அட்டையில் இருந்தது. நீங்கள் 'காரணம் நம்பும்படி இல்லை' என்று எழுதியிருந்தால் நேராக அங்கே போயிருப்பேன். 'காதல் கதை' என்று எழுதினீர்கள். அதனால் திருத்தத் தொடங்கிய முதல் ஆறு மாதம் காதலை எப்படி மறைப்பது என்று யோசித்தே போனது.

அந்த ஆறு மாதத்தில் நான் செய்தது இன்னும் பெரிய தவறு. உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு வெட்டினேன். அவர்கள் இருவரும் பேசும் இடங்களை எடுத்தேன், பார்க்கும் இடங்களை எடுத்தேன். தொழிற்சங்கக் கூட்டம் ஒன்றை இருபது பக்கத்துக்குச் சேர்த்தேன். படிக்கக் கௌரவமாக இருந்தது. அம்மாவுக்குப் படித்தபோது பாதியில், "என்னடி, புள்ளைங்க ரெண்டும் பேசிக்கவே மாட்டேங்குதுங்க?" என்றார். சேர்த்த இருபது பக்கமும் போனது. எடுத்ததில் சிலவற்றைத் திரும்ப வைத்தேன்.

சின்ன வேலைகளும் நிறைய இருந்தன. கணினியில் தேடிப் பார்த்ததில் 'கண் கலங்கினாள்' 61 இடத்தில் வந்தது. இப்போது நான்கு. அஞ்சலையும் முருகையாவும் ஒரே மாதிரிப் பேசினார்கள், இரண்டு பேர் வாயிலும் என் பேச்சு. அதைச் சரிசெய்ய மட்டும் மூன்று மாதம் பிடித்தது.

ஆனால் நான் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று பழைய புத்தகங்களில் இருக்கிறது. பத்தாவதைத் திருத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் பாலர் பள்ளியில் முன்பு படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். இப்போது ஈப்போவில் வேலை செய்கிறாள். என் நாவல்கள் எல்லாம் படித்தவள். "டீச்சர், உங்க கதையில வர்ற மாதிரியே ஒருத்தன் தினமும் பஸ் ஸ்டாப்ல நிக்கிறான். வேணாம்னு சொன்னாலும் பின்னாடியே வர்றான். எனக்குப் பயமா இருக்கு. ஆனா கதையில அவளுக்கு ஏன் பயமே வரல?" என்று கேட்டாள்.

அவள் சொன்னது என் நான்காவது நாவல். 2014இல் வந்தது. அதில் நாயகன் நாயகியை எட்டு மாதம் பின்தொடர்கிறான், ஒரு நாள் கையை முறுக்கிப் பிடித்து "நீ எனக்குத்தான்" என்கிறான். அதைக் காதலின் உச்சம் என்று நினைத்து எழுதினேன். வாசகிகளும் அப்படித்தான் கொண்டாடினார்கள். 2023இல் நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் 507ஏ பிரிவு சேர்ந்தது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது இப்போது மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். என் நாயகன் செய்தது அதைத்தான். அந்தப் பெண்ணோடு நானே போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நாவலை இனி மறுபதிப்புச் செய்யப்போவதில்லை. மீதி எட்டையும் எடுத்துவைத்து, இப்படிப்பட்ட இடங்கள் எங்கே இருக்கின்றன என்று பக்கம் பக்கமாகக் குறித்து வருகிறேன். ஐந்து முடிந்திருக்கிறது.

பாருங்கள், இந்த ஒன்பது புத்தகங்களில் எதையும் அச்சுக்குப் போகும் முன் படித்து, "இந்த இடம் சரியில்லை அம்மா" என்று சொல்ல ஒருவர்கூட இருந்ததில்லை. நம் நாட்டில் தமிழ் நாவலுக்குப் பதிப்பாசிரியர் கிடைப்பது அபூர்வம் என்பது உங்களுக்கும் தெரியும். பெரும்பாலும் எழுதுகிறவரே காசு போட்டு அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, பையில் சுமந்து விற்கிறோம். ஞாயிறுப் பதிப்புகளில் சிறுகதை எழுதித்தான் என் போன்றவர்கள் பழகினோம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனது. அப்படி எழுதிப் பழகும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மிஞ்சியிருப்பதில், எங்கள் நாவலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கட்டாயம் படிக்கிற வெளியாட்கள் நீங்கள்தான்.

உங்களுக்கும் வேலை, குடும்பம் இருக்கிறது. கட்டுக்கட்டாகப் படிகள் வரும், கொடுக்கிற மதிப்பூதியம் சொற்பம். எல்லாருக்கும் எழுதச் சொல்லவில்லை. கடைசிச் சுற்றுக்கு வருகிற ஐந்தாறு படிகளுக்காவது ஒரு பக்கம் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் கதையை நம்ப முடியாமல் போனது, எங்கே படியை மூடி வைத்துவிட்டு டீ போடப் போனீர்கள், எங்கே "அப்புறம்?" என்று தோன்றியது, இதுபோதும். பாராட்டு வேண்டாம். கையெழுத்தும் வேண்டாம்.

அப்புறம், காதல் கதை என்பதை ஒரு குறையாக எழுதாதீர்கள். இந்த மண்ணின் முதல் தமிழ் நாவல் என்று இலக்கிய வரலாறு குறிப்பிடுவது 1917இல் வந்த 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. தலைப்பிலேயே காதல் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், காதலை எழுதுகிறவள் உங்கள் முன்னால் கூச்சத்தோடு நிற்கவேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. மோசமான காதல் கதை என்றால் மோசம் என்று எழுதுங்கள். ஏன் மோசம் என்றும் எழுதுங்கள்.

திருத்திய படி 204 பக்கம் வந்திருக்கிறது. கடைசி அத்தியாயத்தை அம்மாவுக்கு இன்னும் படித்துக் காட்டவில்லை. பினாங்கு துறைமுக ஜெட்டியில் நடக்கும் அத்தியாயம் அது. கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி படிப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்வதைக் கேட்டு, சரிசெய்யவேண்டியது இருந்தால் சரிசெய்துவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் உங்களுக்கு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டிலிருந்து
காதல் நாவல் எழுதும் ஓர் ஆசிரியை