உயரம் கூட்டும் பொடி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவன். போன மாதம் பழைய மாணவன் ஒருவன், இப்போது வயது 20, உங்களில் ஒருவருடைய டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். போலீஸ் வேலைக்கு இரண்டு சென்டிமீட்டர் இடிக்கிறதாம். "மூணு மாசமா பால்ல கலந்து குடிக்கிறேன் சார், ஒண்ணும் ஏறல. அளவு பத்தலையா?" என்றான். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். "எந்த வயதினருக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இந்த மடல் அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான்.

அடுத்த முறை கோழி வாங்கும்போது கால் எலும்பு ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நுனியில் கண்ணாடி மாதிரி வெள்ளைக் குருத்து, நடுவில் சிவந்த மஜ்ஜை. கறிக்கோழி வளர்ந்து முடிவதற்குள் வெட்டப்படுவதால் அந்தக் குருத்து இன்னும் மிச்சமிருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். நமக்கும் அப்படித்தான். கை கால் எலும்புகள் கருவில் முதலில் குருத்தெலும்பாகவே உருவாகின்றன. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறி, கடைசியில் முனைகளில் மெல்லிய வளர்ச்சித் தட்டு மட்டும் எஞ்சுகிறது. குழந்தைகளின் எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். எலும்பு முறிந்துவிட்டதோ என்று பெற்றோர் பதறுவதும் உண்டு.

அந்தத் தட்டுக்குள் செல்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். நுனிப் பக்கம் உள்ளவை பிரிந்து பெருகும். அடுத்தடுத்து உள்ளே தள்ளப்படுபவை ஊதிப் பருக்கும். சுற்றிலும் சுண்ணாம்புச் சத்து படியும். அவையே ரத்தக் குழாய்களை உள்ளே வரவழைக்கும். குழாயோடு கூடவே எலும்பு கட்டும் செல்கள் வந்து சேரும்.

எப்போது பெருகுவதை நிறுத்தி ஊத வேண்டும் என்று ஒரு செல்லுக்கு யார் சொல்வது? ஊதத் தயாராகும் செல்கள் ஒரு புரதத்தை வெளிவிடுகின்றன. பெயர் இந்தியன் ஹெட்ஜ்ஹாக், அதாவது இந்திய முள்ளெலி! (பழ ஈயில் இதன் மூல மரபணு கெட்டால் புழு உடம்பெல்லாம் முள்ளாகும். அதனால் அதற்கு முள்ளெலிப் பெயர். பாலூட்டிகளில் கிடைத்த அதன் உறவுக்கு நம் ஊர் முள்ளெலியின் பெயர்.) இந்தச் செய்தி எட்டியதும் எலும்பின் நுனியிலுள்ள செல்கள் பிடிஹெச்ஆர்பி என்ற இன்னொரு புரதத்தை அனுப்பும். "அவசரப்படாதே, இன்னும் பெருகு" என்பது அதன் பொருள். நுனியிலிருந்து விலக விலக அந்தக் குரல் தேயும். தேய்ந்த இடத்தில் செல் ஊத ஆரம்பிக்கும். 1996-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. பிடிஹெச்ஆர்பி இல்லாத எலிகளில் செல்கள் முந்திக்கொண்டு ஊதி, கை கால்கள் குட்டையாகவே நின்றுவிட்டன.

இந்த வளர்ச்சிக்கு பிரேக்கும் உண்டு: எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணு. அந்த மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் பிரேக் இறுகிப்போய் அகான்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மை வரும். அதைத் தளர்த்த வோசோரிடைட் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2021-இல் அனுமதி தந்தது. தினமும் போட வேண்டும். ஆய்வில் கிடைத்தது ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல். அதுவும் தட்டு இன்னும் எலும்பாகி மூடிக்கொள்ளாத பிள்ளைகளுக்கு மட்டும். நீங்களோ மூன்று மாதத்தில் மூன்று அங்குலம் என்கிறீர்கள்.

தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், ஆண்களுக்கும்தான். அதன் செய்தியை வாங்க முடியாத ஒருவரைப் பற்றி 1994-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், தட்டு அப்போதும் மூடவில்லை. மற்றவர்களுக்கு பருவ வயது முடிகிறபோது தட்டு எலும்பாகிவிடும். அப்புறம் பேசிக்கொள்ள அங்கே செல்லே கிடையாது. உங்கள் பொடி யாரிடம் போய்ச் செய்தி சொல்லும்?

வளரும் பிள்ளைக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும், சரி. அதற்கு முட்டையும் கடலையும் போதும், உங்கள் விலையில் நாலு மாதத்துக்கு வாங்கலாம்.

பையனை முழங்கால் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். கறுப்புக் கோடு இருந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு வெள்ளை இழைதான் இருந்தது. "எந்த வயதினருக்கும்" என்பதை டப்பாவிலிருந்து எடுங்கள். அவன் காசையும் திருப்பிக் கொடுங்கள். ரசீது பத்திரமாக இருக்கிறது, பாதிப் பொடியும்.