பழைய கேமரா சேகரிக்கும் அன்பர்களுக்கு ஒரு ரிப்பேர்க்காரனின் திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் கொண்டுவரும் கேமராக்களைத் திறந்து, துடைத்து, மூடித் தருவதுதான் என் பிழைப்பு. டிஜிட்டல் வந்து ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் ஃபிலிம் கேமராவைப் பரணில் ஏற்றிவிட்ட பிறகும் என் மேஜைக்கு வேலை வருகிறதென்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான். எடைக்குப் போக இருந்த எத்தனையோ யாஷிகாவை நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதற்கான நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவது கொஞ்சம் கசக்கும்: வாங்கிய கேமராவில் நீங்கள் படமே எடுப்பதில்லை.

சர்வீஸ் முடிந்தால் எந்த கேமராவிலும் ஒரு ரோல் மாட்டி எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். வெளிச்சம் கசிகிறதா, ஷட்டர் வேகம் சரியா, ஒரு ஃப்ரேம்மேல் இன்னொன்று ஏறுகிறதா என்பதெல்லாம் ஃபிலிம் ஓடினால்தான் தெரியும். தெருமுனை டீக்கடை, எதிர்வீட்டு வேப்பமரம், வெயிலில் நிற்கும் ஒரு சைக்கிள், இவ்வளவுதான் என் சோதனை ரோல். சில வருஷம் கழித்து அதே கேமரா திரும்பி வரும், பெரும்பாலும் அதே கோளாறோடு. "எத்தனை ரோல் ஓடுச்சு சார்?" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு சிரிப்பு வரும். ஜெர்மனியில் செய்து, பல கை மாறி, நீங்கள் பெரும் விலை கொடுத்து வாங்கிய அந்த ரோலிஃபிளெக்ஸ் உங்களிடம் வந்த பிறகு பார்த்த ஒரே காட்சி எங்கள் தெரு டீக்கடை.

பயன்படுத்தாமல் வைத்தால் பழுதாகாது என்று பலர் நம்புகிறீர்கள். என் மேஜையில் நான் பார்ப்பது வேறு. லென்ஸுக்குள்ளேயே மெல்லிய பிளேடுகள் திறந்து மூடும் லீஃப் ஷட்டரில் ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களை அளப்பவை சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். ஓடாத தையல் மிஷினில் நடப்பதுபோல, வருஷக்கணக்கில் அசையாவிட்டால் அதில் இருக்கும் எண்ணெய் இறுகிப் பசையாகிவிடும். 125ல், அதாவது நொடியில் 125ல் ஒரு பங்கு வேகத்தில், தட்டிப் பார்த்தால் டிக்கென்று அடிக்கும், நீங்களும் திருப்தியாக அலமாரியில் வைத்துவிடுவீர்கள். ஒரு நொடிக்குத் திருப்பித் தட்டினால்தான் வண்டவாளம் வெளியே வரும். திறந்த ஷட்டர் மூடாமல் அப்படியே நிற்கும். எண்ணெய் ஆவியாகி பிளேடுகளின்மேல் படிந்து, பிளேடுகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் பத்துப் பத்துத் தடவை தட்டி வந்தாலே இதில் பாதி வராது.

அடுத்தது ஃபங்கஸ். அதற்கு வேண்டியது இருட்டு, ஈரம், அசையாத காற்று. கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியில், லெதர் கவருக்குள்ளேயே கேமராவை வைப்பது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். லெதர் ஈரத்தைப் பிடித்துவைக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் என்றால் சொல்லவே வேண்டாம். ஆரம்பத்திலேயே பார்த்தால் துடைத்துவிடலாம். லென்ஸின் கோட்டிங்கை அரித்துவிட்டால் எத்தனை துடைத்தாலும் தடம் போகாது. வெளியே எடுத்து வெயிலிலும் காற்றிலும் நடமாடும் கேமராவில் இந்தத் தொல்லை குறைவு. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: பின்கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச், நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காலப்போக்கில் தார் மாதிரி உருகி உதிரத்தான் செய்யும். அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன்.

சரி, ஏன் எடுப்பதில்லை? ஃபிலிம் விலையைச் சொல்வீர்கள். உண்மைதான். ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் போட்டால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஒரு காலத்தில் ஊட்டியிலேயே ஃபிலிம் செய்தோம். 1960ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டது. அந்தக் கம்பெனியும் மூடியாகிவிட்டது. ஆனால் விலையைச் சொல்லி வருத்தப்படும் அதே ஆள் போன மாதம் ஒரிஜினல் லென்ஸ் மூடிக்கும் காலி அட்டைப்பெட்டிக்கும் கொடுத்த காசு எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டிக்கு சார்! கறுப்பு வெள்ளை எடுத்தால் வீட்டிலேயே கழுவலாம். கழுவும் டேங்க் ஒன்று, படத்தை வெளிக்கொண்டுவரும் டி-76 பவுடர், அதை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் போதும். நம் ஊர்க் குழாயில் வெயில் காலத்தில் தண்ணீர் 30 டிகிரிக்குக் குறையாது. ஐஸ் கட்டி போட்டு 20க்குக் கொண்டுவருவதுதான் இதில் இருக்கும் பெரிய கஷ்டம்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யவில்லை என்பார்கள் இன்னும் சிலர். அந்தக் காலத்து 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி இப்போது விற்பதில்லை. இன்றைய 1.5 வோல்ட்டைப் போட்டால் பல கேமராக்களில் மீட்டர் தப்பாகக் காட்டும், அதுவும் சரிதான். ஆனால் நம் வெயிலுக்கு மீட்டர் எதற்கு? பெட்டியில் ஐஎஸ்ஓ 100 என்று போட்ட ஃபிலிம் என்றால் நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு) 16, வேகம் 125. மேகம் வந்தால் 8, நிழலில் நின்றால் 5.6 அல்லது 4. பரோடாவில் செய்த அக்ஃபா க்ளிக் 3 கேமராவில் மீட்டரும் இல்லை, திருகுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. 120 என்ற அகல ஃபிலிம் ரோல் ஒன்றுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். எத்தனை வீட்டு ஆல்பங்களை நிரப்பியது அது! உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்திலும் அது எடுத்த படம் இருக்கக்கூடும்.

இதெல்லாம் சாக்கு. உண்மையான காரணத்தைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம், நானே சொல்கிறேன். கீறல் விழுந்தால் விலை இறங்கிவிடும் என்ற பயம். இதில்தான் உங்கள் கணக்கே எனக்குப் புரியவில்லை. 2022ல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் நடந்த ஏலத்தில் 105 என்ற எண்ணுள்ள லைக்கா கேமரா ஒன்று 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. உலகிலேயே அதற்கு முன் எந்த கேமராவும் அந்த விலைக்குப் போனதில்லை. அது பெட்டி பிரிக்காத சரக்கு இல்லை. லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் தானே வைத்துக்கொண்டு தன் குடும்பத்தைப் படமெடுத்த கேமரா. வியூஃபைண்டர்மேல் அவர் பெயர் பொறித்திருக்கும். பயன்படுத்திய கை எது என்பதற்குத்தான் அந்த விலை.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2015ல் அதே லைக்கா கம்பெனி, லென்னி க்ராவிட்ஸ் என்ற பாடகர் வடிவமைத்ததாக 125 செட் மட்டும் ஒரு கேமரா வெளியிட்டது. பெயின்ட்டைத் தொழிற்சாலையிலேயே கையால் சுரண்டி, பித்தளை தெரியும்படி செய்து, வருஷக்கணக்கில் போர்க்களத்தில் சுற்றிய கேமரா மாதிரி ஆக்கி விற்றார்கள். தேய்மானத்தைக் கூடக் காசு கொடுத்து வாங்கலாம் என்று ஆகிவிட்டது. பிரெஞ்சு புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளப்பு கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டார். அந்தக் கேமரா இன்று உங்களில் ஒருவரிடம் வந்தால், முதல் வேலையாக என்னிடம் கொண்டுவந்து "டேப் பசை போகுமாண்ணே?" என்றுதான் கேட்பீர்கள்.

ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரர் 1955, 56ல் ஒரு சின்ன லைக்காவோடு அமெரிக்கா முழுக்க அலைந்தார். 767 ரோல் எடுத்து, அதிலிருந்து 83 படம் தேறியதாக 'தி அமெரிக்கன்ஸ்' என்ற தன் புத்தகத்தில் வைத்தார். அவ்வளவு வேண்டாம், நாம் வேலைக்குப் போகிறவர்கள். மறுகோடியிலும் ஆட்கள் உண்டு: 1984ல் இறந்த அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோக்ராண்ட் கழுவாமல் விட்டுப்போனதே 2,500 ரோல் இருக்கும். அது வேறு வகை வியாதி. ஆனால் உங்களுக்கு வந்திருப்பதைவிட அது எனக்குப் பிடித்த வியாதி.

சேகரிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மும்பையின் திலீஷ் பரேக் 4,425 பழைய கேமராக்களுக்காக கின்னஸில் இடம் பிடித்தார். நாளைக்கு ஒன்று என்று எடுத்தாலும் ஒரு சுற்று முடிய பன்னிரண்டு வருஷம் ஆகும். அத்தனையிலும் படமெடு என்று யாரும் கேட்க முடியாது. குருகிராமில் ஆதித்ய ஆர்யா உருவாக்கிய மியூசியோ கேமரா என்ற அருங்காட்சியகம் மாதிரி, பொதுமக்கள் வந்து பார்க்கும்படி கேமராவின் கதையை வரிசையாக வைத்திருப்பதும் பெரிய காரியம். அங்கே ஒரு கேமரா ஆணியடித்தாற்போல நிற்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டு ஹாலில் நாற்பது கேமராவை அடுக்கி, அதைச் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் எனக்கு நிஜமாகவே வயிறெரிகிற இடம் ஒன்று உண்டு. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வந்து, "அண்ணா, நல்ல கண்டிஷன்ல ஒரு பென்டாக்ஸ் கே1000 கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். 1976 முதல் இருபது வருஷத்துக்குமேல் தயாரான கேமரா அது. மாணவர்களுக்காகவே செய்ததுபோல அத்தனை எளிமை. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். சந்தையில் வருகிறதை நீங்கள் மூன்று, நான்கு என்று வாங்கி வைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? ஒரே மாடல் இரண்டு இருந்தால் ஒன்றை ஆறு மாதம் இரவல் கொடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை நீங்கள் எல்லோரும் கூடும்போது மேஜையில் கேமராவை வைக்காமல் பிரிண்ட்டை வையுங்கள். அவுட் ஆஃப் ஃபோகஸாக இருந்தாலும் பரவாயில்லை, யாரும் சிரிக்க மாட்டார்கள்.

என் பங்குக்கும் ஒன்று செய்கிறேன். என்னிடம் சர்வீஸ் செய்த கேமரா திரும்பவும் பழுதாகி வந்தால், இடையில் நீங்கள் அதில் எடுத்த நெகட்டிவையும் கூடவே எடுத்துவாருங்கள். ஒரு முழு ரோல் இருந்தால் கூலியில் பாதிதான் வாங்குவேன். உதிரிபாகம் மாற்ற வேண்டியிருந்தால் அதன் விலை தனி.

இப்படிக்கு,
உங்கள் கேமரா ரிப்பேர்க்காரன்