பேலட் முழுதாகப் பதிவாகாத ஆர்எஃப்ஐடி வாசல்கள்: திருத்தித் தரக் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சரக்கு வாசல்களின் பதிவுக் குறைபாடும், டேக் சுருளில் இரட்டிப்பான சீரியல் எண்களும்

ஐயா / அம்மையீர்,

பெட்டிகளில் ஒட்டிய டேக்குகளை (எண் பதித்த சில்லு ஒட்டிகளை) ரேடியோ அலையால் படிக்கும் ரீடர்களுடன் நீங்கள் அமைத்துத் தந்த இரண்டு வாசல்களிலும், 48 பெட்டி அடுக்கிய பேலட் (சரக்குத் தட்டு) நுழைந்தால் திரையில் 31, 34, 29 என்று தடவைக்கு ஒரு கணக்கு வருகிறது. வெளிப்பக்கப் பெட்டிகள் தவறுவதில்லை. நடுவில் இருப்பவைதான் விடுபடுகின்றன. காலிப் பெட்டிகளை அதேபோல் அடுக்கித் தள்ளினால் 48-உம் பதிவாகின்றன. ஆகவே ரீடர் பழுது என்று நாங்கள் சொல்லவில்லை.

பெட்டிக்குள் இருப்பவை திரவம் நிரம்பிய கேன்கள். டேக்கை அட்டையின் நட்டநடுவில், கேனின் வயிற்றுக்கு நேராக ஒட்டச் சொன்னது உங்கள் நிறுவல் குழு. 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். பேட்டரி இல்லாத டேக், ரீடர் அனுப்பும் அலையைக் கொண்டுதான் விழிக்க வேண்டும். அதே டேக்கைப் பெட்டியின் மேல் விளிம்பில், கேன் கழுத்தைச் சுற்றிக் காற்று இருக்கும் இடத்தில் ஒட்டிப் பார்த்தோம். 44 வந்தது. இதை நிறுவும் முன்பே சோதித்திருக்கலாம்.

மீதி நான்குக்குக் காரணம் ரீடரின் அமைப்பில் இருப்பதாகக் கருதுகிறோம். ரீடர் செஷன் 0-இல், அதாவது பதிலளித்த டேக் உடனே மறுபடியும் பதிலளிக்கக்கூடிய முறையில், விடப்பட்டிருக்கிறது. வாசலோரப் பெட்டி ஒன்றே நூற்றுக்கணக்கான முறை பதிலளிக்கிறது. உள்ளே இருக்கும் பலவீனமான டேக்குக்கு முறை வருவதே இல்லை. ஒருமுறை பதிலளித்த டேக் சற்று நேரம் அமைதியாக இருக்க, செஷன் 2-க்கு மாற்றிச் சோதிக்க வேண்டும்.

உதவி மையம் செய்த ஒரே வைத்தியம், ரீடரின் அலைத் திறனை 27 டிபிஎம்மிலிருந்து (திறனின் அளவு; 3 கூடினால் திறன் இரு மடங்கு) 30 டிபிஎம்முக்கு ஏற்றியது. திறன் இரட்டிப்பானது, நடுப்பெட்டிகள் அப்போதும் வரவில்லை. மாறாக, இரண்டாம் வாசலில் காத்திருக்கும் பேலட்டுகள் முதல் வாசல் வழியாக உள்ளே வந்ததாகப் பதிவாகின்றன. பேலட் கடக்கும்போது மட்டும் ரீடரை இயக்கும் ஒளி சென்சார் ஆர்டரிலும் இருக்கிறது, பில்லிலும் இருக்கிறது. வாசலில் அதன் கம்பி மட்டும் தொங்குகிறது.

இவற்றையெல்லாம்விட மோசமானது இரண்டாவது டேக் சுருள். அதில் சீரியல் எண் மறுபடியும் 1-இலிருந்து தொடங்குகிறது. பொருளின் எண்ணையும் பெட்டியின் சீரியல் எண்ணையும் சேர்த்துத் தாங்கும் 96 பிட் எஸ்ஜிடிஐஎன் குறியீட்டில் சீரியலுக்கு மட்டும் 38 பிட் உண்டு. அதாவது 27,487 கோடிக்கும் மேற்பட்ட எண்கள். எண்ணுக்கா பஞ்சம்? ஒரே பொருளின் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் இருந்தால், ஒரு பெட்டியே இரண்டு முறை பதிவானதாக மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. கையால் எண்ணிப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது.

இரண்டாவது சுருளுக்குப் பதில் புதிய சுருள் அனுப்புங்கள். பழைய எண்கள் ஏறிய பெட்டிகளுக்கு மறு டேக் ஒட்டும் செலவு உங்களுடையது. சென்சாரை இணைத்து, திறனை 27-க்கு இறக்கி, இரு வாசல்களுக்கும் நடுவே உலோகத் தடுப்பு வையுங்கள். பிறகு சரக்கு நிரம்பிய பேலட்டை, ஃபோர்க்லிஃப்ட் வழக்கமாக ஓடும் வேகத்தில், ஒவ்வொரு வாசலிலும் 20 முறை கடத்திக் காட்டுங்கள். காலிப் பெட்டி வைத்துச் செய்யும் சோதனையை ஏற்க மாட்டோம்.

20 முறையும் 48 வராதவரை ஏற்புச் சான்றில் கையெழுத்து இல்லை; நிலுவைத் தொகையும் விடுவிக்கப்படாது. உங்கள் பொறியாளர் வரும் நாளை 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். இரு வாசல்களின் ரீடர் பதிவுகளையும், இரட்டிப்பான சீரியல் எண்களின் பட்டியலையும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
கிடங்கு மேலாளர்