மாவுச் சட்டிக்கு அடியில் ஒரு தட்டு

மதுரை,
சனி ராத்திரி

அடி மல்லி,

உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. பதில் போடாததுக்குத் திட்டுறதுன்னா இந்த வரியோட திட்டி முடிச்சிரு. இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மா பல்செட்டைத் தேடிக்கிட்டே இருக்காங்க. பரோட்டா சங்கத்துல உன் பதவி இன்னும் காலியாத்தான் கிடக்கு.

"பெங்களூரே தேவலை, மதுரைக்குக் குடி வந்தப்புறம் பிள்ளைகளோட உக்காரவே நேரமில்லை"ன்னு ரெண்டு பக்கம் புலம்பியிருக்கே. பெரியவ பொம்மைவீடு விளையாடும்போது அம்மா பொம்மையை மட்டும் சுவரைப் பாக்க நிறுத்தி, "அம்மா அடுப்புல இருக்காங்க"ன்னு சொன்னாளாமே. அதை வேடிக்கையா எழுதிட்டே. எனக்குச் சிரிப்பு வரலடி.

வேலையைக் குறைக்கிறேன்னு கிளம்பாதே. இட்லியும் குழம்பும் துணியும் எப்படியும் இருக்கத்தான் செய்யும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் அடுப்படிக்குள்ள போகவேண்டாதபடி வேலையை நகர்த்தி வை. மத்த நேரத்துல எவ்வளவு வேணா ஓடு.

முதல்ல மாவு. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரமே போதும். உளுந்தை முதல்ல போட்டு, ஃப்ரிட்ஜ் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு அரைமணி நேரம் ஆட்டு. கல்லு சூடாகி உளுந்தும் சூடானா பொங்காது, இட்லி கல்லுதான். அரிசியை ரவைப் பதத்துல எடுத்திரு. இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ சறுக்குறது இதுக்கப்புறம். பெங்களூர்ல வச்ச மாதிரி ராத்திரி முழுக்க வெளியே வைக்கிறே. சித்திரை வெயில்ல இங்கே அஞ்சாறு மணி நேரத்துல மாவு மேலே வந்திரும். விடியக்காலம் பாத்தா பாதி மேடையில, மீதி புளிச்சுப் போய் நிக்கும். அப்புறம் அதைத் துடைக்க அரைமணி, பிள்ளைக்கு வேற டிபன் செய்ய அரைமணி. காலை போச்சா?

ஆட்டின உடனே உப்புப் போட்டுக் கையால கலந்து ரெண்டு சட்டியில பிரி. ரெண்டுமே பாதி அளவுதான் இருக்கணும். ஒண்ணை அப்படியே, புளிக்கவிடாம, ஃப்ரிட்ஜுல வை. இன்னொண்ணு மத்தியானம் மூணு மணியிலிருந்து வெளியே இருக்கட்டும். படுக்கப்போறப்ப பொங்கியிருந்தா உள்ளே தூக்கி வை. பொங்கின மாவைக் கலக்கி அடிக்காதே, காத்தெல்லாம் போயிரும். புளிக்கவிடாம ஃப்ரிட்ஜுல வச்ச சட்டியை ரெண்டு நாள் கழிச்சு வெளியே எடு. குளிர்ந்த மாவு பொங்க ரெண்டு மணி நேரம் கூடுதலா ஆகும். மார்கழியில மட்டும் உன் பெங்களூர்க் கணக்கு சரி.

அடுத்து புளி. கால் கிலோவைக் கொட்டை, கோது எடுத்துட்டு ரெண்டு டம்ளர் வெந்நீர்ல அரைமணி ஊறப்போடு. கரைச்சு வடிகட்டி, எவர்சில்வர் சட்டியில ஒரு ஸ்பூன் உப்போட கெட்டியாகிற வரைக்கும் கொதிக்கவிடு. அலுமினியம் வேண்டாம், புளி அரிச்சிரும். ஆறினப்புறம் கண்ணாடி பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜுல வச்சா ரெண்டு வாரத்துக்குக் கவலை இல்லை. ஈரக் கரண்டி விட்டேன்னா பூசணம்தான்.

பருப்பை ரெண்டு நாளைக்குச் சேர்த்து வேகவச்சு, மறுநாள் பங்கை உப்பு, புளி சேர்க்காம ஃப்ரிட்ஜுல எடுத்து வை. தேங்காய்த் துருவலைச் சின்னச் சின்னக் கவர்ல பரப்பி ஃப்ரீசர்ல போடு. நீளமா கரண்ட் போன அன்னைக்கு மோந்து பாக்காம சட்னிக்குப் போடாதே.

முருங்கைக்கீரை ஆய உக்காந்தா ஒரு மணி நேரம் போயிரும். சாயங்காலமே கீரையை உதறி, ஈரமில்லாம வெள்ளை வேட்டித்துணியில இறுக்கிச் சுருட்டி மூலையில வச்சிரு. காலையில பிரிச்சு ரெண்டு உதறு உதறினா இலையெல்லாம் தானா உதிர்ந்திரும். காம்பை மட்டும் எடுத்துப் போட்டாப் போதும். அந்த உதறுற வேலையைப் பெரியவ கையில குடு. தையில பச்சை மொச்சை வந்தா உரிக்கிறதும் அவளுக்குத்தான். ரெண்டு உரிச்சு நாலைத் தரையில போடுவா, போடட்டும். ஆனா மொச்சைக் கிட்ட சின்னவனைத் தனியா விட்டுறாதே. வாயிலயோ மூக்கிலயோ போட்டுக்குவான்.

துணிக்கு ஒரே வார்த்தை: உப்புத் தண்ணியில நுரை வராதுன்னு பவுடரை அள்ளிக் கொட்டாதே. நாலு தடவை அலசியும் போகாது, பிள்ளைக்கு அரிக்கும். குழந்தைத் துணியை மட்டும் நல்ல தண்ணியில கடைசி அலசு அலசு. வீட்டுத் துணிக்கு மடிப்பே வேண்டாம், ஆளுக்கொரு கூடை. உன் மாமியார் முகம் சுளிப்பாங்க, தெரியும். அவங்களை வெண்டைக்காய் நறுக்கச் சொல்லிக் கெஞ்சு; ஒரு பெருமையோட உக்காந்திருவாங்க.

ஆறு மணிக்கு உக்காரும்போது போனை ஃப்ரிட்ஜுக்கு மேலே வச்சிரு. இதையும் எழுத வேண்டியிருக்கு பாரு, அந்த ரெண்டு மணியில நீதான் எனக்கு நாப்பது மெசேஜ் அனுப்புறே.

அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க புதூர் பக்கம் வர்றேன். அதுக்குள்ள பொங்குச்சுன்னு நடுராத்திரியில போன் பண்ணாதே. சட்டிக்கு அடியில ஒரு தட்டை வச்சுட்டுத் தூங்கு.

உன்
கத்தரிக்கா