அந்த 11 நாட்கள்

ஹோசே எமிலியோ சுவாரெஸ் டிராஷோராஸ் அவர்களுக்கு,

ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தில் நடந்த ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் 2007 அக்டோபர் 31 அன்று உங்களுக்கு 34,715 ஆண்டுகள் சிறை விதித்தார்கள். அந்நாட்டுச் சட்டப்படி உங்களை 40 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியாது. அந்தக் கணக்கு எப்படியும் போகட்டும். எனக்கு 11 நாட்களைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் ஒருகாலத்தில் நீங்கள் வேலை பார்த்த சுரங்கத்தின் டைனமைட், 2004 பிப்ரவரி 29 அன்று கார் ஏறி மத்ரித் போனது. ஹஷீஷ் என்ற போதைப்பொருளுக்கும் பணத்துக்கும் உங்கள் மூலம் கைமாறிய சரக்கு. மார்ச் 11 காலை, மூன்றே நிமிடத்தில் நான்கு புறநகர் ரயில்களில் 10 குண்டுகள் வெடித்தன. வேலைக்கும் கல்லூரிக்கும் போகிற கூட்டம். பிழைப்பு தேடி ருமேனியாவிலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். 190 பேருக்கு மேல் செத்தார்கள்.

வெடிக்காத ஒரு பை, பயணிகளின் உடைமைகளோடு சேர்ந்து வாயெகாஸ் காவல் நிலையத்துக்கே போய்விட்டது. நள்ளிரவு தாண்டித் திறந்து பார்த்தால் சுமார் 10 கிலோ டைனமைட், ஒரு செல்போன், அரைக் கிலோவுக்கு மேல் ஆணியும் திருகாணியும். சுரங்கத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாறைக்கு யாரும் ஆணி வைப்பதில்லை.

குற்றமே செய்யவில்லை என்றீர்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. என்னாலும் முடியவில்லை. மத்ரிதில் போதைப்பொருள் விற்கிறவன் டைனமைட் கேட்டால், அவனிடம் சுரங்கமா இருக்கிறது, இது எதற்கு என்று உங்களுக்குத் தோன்றாதா?

என் மனதை அறுப்பது வேறு. அதே அஸ்தூரியாஸின் அவிலேஸ் ஊரில் போதைப்பொருள் பிரிவுப் போலீஸுக்குத் துப்புக் கொடுத்துவந்தவர் நீங்கள். யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர். பெயர்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். “சரக்கு மத்ரித் போயிருக்கு, பாத்துக்கோங்க” என்றால் போதும். கொள்கை வெறி பிடித்தவனிடம் இதைக் கேட்க மாட்டேன், அவன் சாகடிக்கவே வந்தவன். உங்களுக்கு அந்த வெறி இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று காலை தண்டவாளத்தருகே கிடத்தியிருந்த உடல்களில் செல்போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன என்று மீட்பு வேலைக்குப் போனவர்கள் சொன்னார்கள். வீட்டிலிருந்து விடாமல் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எமிலியோ, அந்த 11 நாளில் ஒருமுறையாவது போனைக் கையில் எடுத்தீர்களா?