குழுவுக்குப் போகாத மசோதாக்கள்

ஆசிரியருக்கு,

நாடாளுமன்றத்தில் இன்று துறைசார் நிலைக்குழுக்கள் (அமைச்சகங்களின் மசோதாக்களையும் செயல்பாட்டையும் ஆராயும் எம்.பி.க்கள் குழுக்கள்) 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள். ஆனால் வேலைதான் குறைந்துகொண்டே வருகிறது. 15-ஆவது மக்களவையில் (2009–14) சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17-ஆவதில் (2019–24) ஏறத்தாழ 16 சதவீதம்தான்.

எங்கள் தெரு ரேஷன் கடையில் ஒரு பாட்டி, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து, கைரேகைக் கருவியில் வைக்கிறார். கருவி ஏற்க மறுக்கிறது. உணவு, பொது விநியோகத்துக்கும் ஒரு நிலைக்குழு உண்டு. அதிகாரிகளை வரவழைத்து விசாரிக்கலாம். கூட்டம் மூடிய அறையில்தான் (கேமரா இல்லை, மேஜை தட்டவும் அவசியமில்லை!). சாட்சியம் சொல்ல அந்தப் பாட்டியையும் ஒருநாள் அழைக்கட்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்