மாதிரி கொழும்புக்குப் போகட்டும், நோயாளி போக வேண்டாம்

கிழக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலை மாவட்டத்தில் நெஞ்சு நோயாளரைப் பார்க்கும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம். நான் ஆய்வுகூட வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். காசநோய் மாறிய பிறகும் இருமிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆறு மாதக் குளிசையை ஒழுங்காகக் குடித்துச் சுகமான ஒருவர், சில வருடங்கள் கழித்துத் திரும்ப வருகிறார். இருமல், மெலிவு, சளியில் இரத்தக் கீறல். சளியில் கிருமி இல்லை, காசக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனையும் நெகட்டிவ். எக்ஸ்ரேயில் பழைய தழும்பும் குழியும் எப்படியும் தெரியும். "பழைய காசம் திரும்பிவிட்டது" என்று மறுபடி அதே குளிசை. சிலருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் காசம் விட்டுப்போன குழியில் அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சை குடியேறியிருந்தால், அந்தக் குளிசை எத்தனை மாதம் குடித்தாலும் பயனில்லை. இரத்தம் கக்கி உயிர் போகவும் கூடும்.

இது புதுக் கதையும் அல்ல. 1960களின் கடைசியில் பிரித்தானியாவில், காசநோய் மாறி 2.5 சென்ரிமீற்றர் அல்லது அதற்கும் பெரிய குழி மிஞ்சிய 544 பேரைப் பார்த்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருடைய இரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகள் என்று வகுத்த முதல் வரிசையிலும் அஸ்பர்ஜிலஸ் பியூமிகேற்றஸ் இருக்கிறது.

சளியை வளர்த்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பக்ரீரியாவுக்கு வளர்க்கும் தட்டை இரண்டு நாளில் வீசிவிடுவது வழக்கம், பூஞ்சைக்கு அதைவிடக் கூடிய நாள் வேண்டும். பூஞ்சை வளர்க்கும் சபரோட் ஊடகம் வேண்டும், கெட்டிச் சளியை ஐதாக்காமல் தாராளமாக இட வேண்டும். இவ்வளவும் செய்தும் முளைக்காமல் போவதுண்டு. முளைத்தாலும் அது மட்டும் சாட்சி ஆகாது. கந்தளாய் வைக்கோல் போரிலிருந்து வீட்டுச் சுவர் ஈரம் வரை இதன் வித்துக்கள் எங்கும் பறக்கின்றன, நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, மேலே சொன்ன பிறபொருளெதிரியைத் தேடும் அஸ்பர்ஜிலஸ் ஐ.ஜி.ஜி. இரத்தப் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு மேலான வருத்தம், எக்ஸ்ரே அல்லது சி.ரி. படத்தில் குழியோ பூஞ்சை உருண்டையோ, அதோடு இந்தப் பரிசோதனை பொசிட்டிவ்: இவை சேர்ந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பூஞ்சையின் சுவரிலிருந்து கழன்று வரும் பொருளைத் தேடும் கலக்ரோமனான் பரிசோதனையை இதோடு குழப்பக் கூடாது. புற்றுநோய் மருந்தால் வெள்ளணு விழுந்தவர்களின் இரத்தத்தில் அது நன்றாக உதவும். நாட்பட்ட நோயில் இரத்தத்தில் பெரும்பாலும் நெகட்டிவ்தான் காட்டும். அந்த ஒரு தாளை வைத்து 'பூஞ்சை இல்லை' என்று எழுதுவது அநியாயம்.

பூஞ்சைக்கான தேசிய ஆய்வுகூடம் கொழும்பு பொரளையில், மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இருக்கிறது. வெருகலிலோ குச்சவெளியிலோ இருந்து, இரத்தம் துப்புகிற ஒரு கடற்றொழிலாளி அங்கே போய் வர வேண்டுமா? தொழிலுக்குப் போகாத நாளுக்குக் கூலியும் இல்லை. இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது தனியாகவே போகும். கிழமையில் ஒரு நாளைக் குறித்து, மாவட்டத்தின் மாதிரிகளைச் சேர்த்து அனுப்புங்கள். முடிவு கிளினிக்குக்கே வரட்டும். அரை மணித்தியாலத்தில் விடை சொல்லும் பட்டிப் பரிசோதனைகளும் வந்துவிட்டன, கர்ப்பம் பார்க்கும் பட்டி மாதிரித்தான். வாங்க முடியுமா என்று பாருங்கள்.

கிருமி காணாத ஒருவருக்கு இரண்டாம் முறை காசநோய்க் குளிசை தொடங்கும் முன், ஆளின் நிலைமை பொறுக்குமானால், ஐ.ஜி.ஜி. கேட்கப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அப்புறம், நுரையீரலில் எடுத்த துண்டு முழுவதையும், திசுவைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவத்தில் போடும் பழக்கம். போமலினில் போட்டதில் எதுவும் முளைக்காது. ஒரு பகுதியைச் சேலைன் உப்புநீரில் தாருங்கள் என்று நாங்கள் கேட்டுக் கேட்டு அலுத்த விஷயம் இது.

பரிசோதனையை மட்டும் கொண்டுவந்து மருந்தை மறந்துவிடாதீர்கள். பூஞ்சைக்கான மருந்தாகிய இற்றாகொனசோல் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து கிடைக்க வேண்டும். காசநோய்க் குளிசையிலுள்ள ரிபம்பிசின் குடிப்பவரின் இரத்தத்தில் அது நிற்காது. ஆகவே மருந்து எழுதும் முன் நோயாளியின் கையிலுள்ள காசநோய் அட்டையையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் ஒருவர்,
திருகோணமலை